பாதாளப் பெரியவரும் பன்னிரண்டாம் மாடி ஊசியும்

காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. பால் வாங்க வந்தவர்கள்கூட வரிசையைப் பார்த்ததும், எதற்கு என்று கேட்காமல் கடைசியில் போய் நின்றார்கள். கேட்டுக்கொண்டிருந்தால் இடம் போய்விடுமே! நானும் அப்படித்தான் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் முன்னால் நின்றவரிடம் விசாரித்தேன்.

“எதுக்கு சார் நிக்கிறோம்?”

“பாதாளத்தாரைப் பார்க்க.”

“அவர் யாரு?”

“தெரியலை. இவ்வளவு பேர் நிக்கிறாங்கன்னா சும்மாவா இருக்கும்?”

நியாயமான பேச்சு. அதற்குமேல் எனக்குச் சந்தேகமே எழவில்லை. நிம்மதியாக நின்றேன்.

எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. அதில் ஏழாம் மாடியில் நான் இருக்கிறேன். குடியிருப்புச் சங்கத்துக்கு இணைச் செயலாளர் வேறு. எதிர்ப் பக்கம் ஒரே சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கும் ஓரடுக்கு வீடுகள். நடுவில் தெரு. அந்தத் தெருவுக்கு அடியில் அவ்வப்போது பூமி ஆடும். எங்கள் ஊரில் அது புதிதில்லை; ஊரை ஒட்டி மலை, வெகு தூரத்தில் கடல்.

வரிசை முளைப்பதற்கு ஒரு வாரம் முன்புதான் ஒரு ஆட்டம் வந்தது. எதிர்ப் பக்கத்து வீடுகளில் தட்டும் டம்ளரும் கடகடவென்று உருண்டு, ஜன்னல் கண்ணாடிகள் பல்லைக் கடித்து, சுவர்களில் கீறல் விழுந்து, எல்லாரும் ‘ஐயோ அம்மா’ என்று தெருவுக்கு ஓடி வந்தார்கள். எங்கள் பக்கத்தில்? ஒன்றுமே இல்லை. நாங்கள் பால்கனியில் நின்று, இவர்கள் ஏன் இப்படிக் குதிக்கிறார்கள் என்று வேடிக்கை பார்த்தோம். பத்தாம் மாடியில் ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார்.

தெரு ஒன்று, பூமி ஒன்று. அவர்களுக்கு மட்டும் ஏன் ஆடியது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் ஊரே தவித்த நேரத்தில்தான் பாதாளத்தார் வந்து இறங்கினார்.

மனிதர் பார்க்க நன்றாகவே இருந்தார். முழங்காலைத் தொடும் சாம்பல் நிற அங்கி. மார்புவரை தாடி. எதிர்வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் நிறையத் தண்ணீர். கையில் ஒரு ரப்பர் குழாய். அதன் ஒரு முனையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல். புனலைத் தரையில் கவிழ்த்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். புனலில் விலைச்சீட்டு பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் சிலர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

“பூமிக்கு அடியில பெரியவர் ஒருத்தர் படுத்திருக்கார்,” என்றார் பாதாளத்தார். “தும்மினார்னா கடகடன்னு இருக்கும். அது சின்ன வீட்டுக்காரங்க செஞ்ச பாவம். புரண்டு படுத்தார்னா ஆஆஆடும். அது பெரிய வீட்டுக்காரங்க செஞ்ச பாவம். போன வாரம் தும்மினார். அடுத்தது புரளுவார்.”

பரிகாரம்? இருந்தது. இடது கணுக்காலில் போடுகிற கறுப்பு ரப்பர் வளையம். பேர் அதிர்வுக் காப்பு. காணிக்கையை அவர் கையால் தொடமாட்டார். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் வாளி தொட்டுக்கொள்ளும். எதிர்ப் பக்கத்தில் ஒரே ஒருவரைத் தவிர எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். வரிசையில் நின்ற தோஷத்துக்கு நானும் ஒன்று மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

“அது என்ன கால்ல?” என்றாள் என் மனைவி.

“காப்பு. பெரியவர் நம்மள ஒண்ணும் பண்ணாம இருக்க.”

“மண்ணுக்கு அடியில படுத்திருக்கிறவருக்கு ஏழாம் மாடியில இருக்கிற உங்க கணுக்கால் எப்படித் தெரியும்?”

“அவருக்கு எல்லாம் தெரியும்.”

“எல்லாம் தெரிஞ்சவருக்கு ரப்பர் போட்டு அடையாளம் காட்டணுமா?”

இவளிடம் பேசி நான் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அடுத்த பத்தாவது நாள் சாயங்காலம். பாதாளத்தார் தெருவில் நின்று உபதேசம் செய்துகொண்டிருந்தார். திடீரென்று பேச்சை நிறுத்தினார். இடுப்பைப் பார்த்துத் தலை குனிந்தார். என்ன பணிவு என்று நான் வியந்தேன். இடுப்பில் அவருடைய ஃபோன் இருந்தது என்பதை அப்போது யார் கவனித்தார்கள்? கண்ணை மூடினார். கையை உயர்த்தினார்.

“புரளப் போறார்! பெரியவர் புரளப் போறார்! பெரிய வீட்டுக்காரங்களே, எதையாவது பிடிச்சுக்கோங்க!”

ஒரு நிமிடம் ஆகியிருக்கும். எங்கள் கட்டடம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மறுபக்கம் சாய்ந்தது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் தளும்பி வழிந்தது. விளக்குகள் ஊஞ்சலாடின. கதவுகள் தாமாகத் திறந்து மூடின. எங்கள் சங்கத் தலைவர், ஓய்வு பெற்ற பல் டாக்டர், ஆயிரம் பேர் வாயைத் திறக்கச் சொன்னவர், தன் வாயைத் திறந்தபடி ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றாராம். எதிர்ப் பக்கத்து வீடுகளிலோ ஒரு டம்ளர்கூடச் சிணுங்கவில்லை! அவர்கள் குனிந்து தங்கள் கணுக்காலைப் பார்த்தார்கள். ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள்.

இதைவிட அத்தாட்சி வேண்டுமா? மறுநாள் எங்கள் கட்டடம் மொத்தமும் வரிசையில் நின்றது. பல் டாக்டர் முதல் ஆள்.

ஒரு மாதம் போனது. நடுவில் எதிர்ப் பக்கத்தில் இரண்டு சின்னத் தும்மல் முன்னறிவிப்பில்லாமல் வந்துபோனது; காப்பு இருந்ததால்தான் டம்ளரோடு போயிற்று என்றார்கள். மறுபடி பாதாளத்தார் இடுப்பைப் பார்த்துப் பணிந்தார், மறுபடி கத்தினார், மறுபடி நாங்கள் ஆடினோம். வளையம் போட்டும் ஆடினோம். மண்டையில் மூளை என்று ஒன்று இருப்பவர்கள் அப்போது என்ன செய்திருப்பார்கள்? வளையத்தைக் கழற்றி எறிந்திருப்பார்கள். நாங்கள் வலது காலுக்கும் ஒன்று கேட்டோம்.

பாதாளத்தார் கொடுக்கவில்லை. முகம் இறுகிப் போயிருந்தது.

“வளையத்துல குத்தம் இல்ல. உங்க கட்டடத்துல யாரோ பெரியவரைக் குத்துறாங்க. அதான் புரளுறார்.”

புனலும் குழாயுமாக மாடி மாடியாக ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் தரையில் கவிழ்த்துக் கேட்டார். நாங்கள் பின்னாலேயே மூச்சிரைக்க ஏறினோம். பன்னிரண்டாம் மாடியில் ஒரு கதவுக்குப் பின்னால் கடகட என்று ஒரு சத்தம். பாதாளத்தார் புனலைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“இதோ! இந்த ஊசிதான்!”

அது தையலக்காவின் வீடு. குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் ஒரு மாதம் வீட்டுக்கு வந்தால் பெரிய விஷயம். படுக்கையோடு கிடக்கும் மாமனாரை வைத்துக்கொண்டு, மோட்டார் வைத்த தையல் மிஷின் ஒன்றை ஓட்டிப் பிழைக்கிறார். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேரின் இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். கதவைத் திறந்தவர் வாயில் குண்டூசி இருந்தது. எங்களைப் பார்த்ததும் அதை எடுத்துவிட்டு, “என்ன சார், எல்லாருக்கும் ஒரே நாள்ல அளவெடுக்கணுமா?” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பாவம், அவருக்கு விஷயம் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும், “ஊசி துணியைத்தானே சாமி குத்துது?” என்று கேட்டார்.

“துணி எது மேல இருக்கு? மிஷின் மேல. மிஷின் தரை மேல. தரை சுவர் மேல. சுவர் மண் மேல. மண் பெரியவர் மேல. குத்து இறங்குதா இல்லையா?”

அடடா, என்ன தர்க்கம்! நாங்கள் கைதட்டினோம். இந்தக் கணக்குப்படி பார்த்தால் பெரியவருக்கு எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரே தலையில் கொட்டியிருக்க வேண்டும். அது அப்போது தோன்றவில்லை. நல்ல யோசனையெல்லாம் எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் வரும்.

சங்கம் கூடியது. தையலக்கா ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம். கீழே கையெழுத்துகள். நானும் போட்டேன். இணைச் செயலாளர் அல்லவா, கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். தையலக்கா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க மாமா பதினோரு வருஷமா படுக்கையில இருக்கார் சார். அவரைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போறது?” என்றார். பல் டாக்டர், “பெரியவரும் படுக்கையிலதான் இருக்கார்,” என்றார். அதற்கும் தலையாட்டினோம்.

அன்று வீட்டில் எனக்குக் கிடைத்த டீயில் சர்க்கரை இல்லை. மறுநாள் டீயே இல்லை.

சனிக்கிழமை காலை அந்தம்மா சங்க அலுவலகத்துக்கு வந்தார். அந்தம்மா என்றால், தையலக்காவின் நாத்தனார். படுக்கையில் இருப்பவரின் மகள். எதிர்ப் பக்கத்து ஓரடுக்கு வீட்டில் வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கையில் எப்போதும் ஸ்பேனர். ஆளும் ஸ்பேனர் மாதிரிதான், பிடித்தால் விடமாட்டார். பெரியவர் முதல் தடவை தும்மிய அன்று அவருடைய கண்ணாடிச் சாமான் அலமாரி முழுசாகக் கவிழ்ந்தது. அப்படியும் அந்தப் பக்கத்தில் வளையம் வாங்காத ஒரே ஆள். அண்ணிக்கும் அவருக்கும் ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். ஆகவே எங்கள் பக்கம் பேசத்தான் வந்திருக்கிறார் என்று பல் டாக்டர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

“எங்க அண்ணியைப் பத்திக் குறை சொல்ல எங்கிட்ட நீளமா லிஸ்டே இருக்கு,” என்றார் நாத்தனார். “அரைமணி நேரம் வேணும். ஆனா அதுல பூமியை ஆட்டுறாங்கன்னு இல்ல. அவங்களுக்கு அவ்வளவு சுறுசுறுப்பும் கிடையாது.”

“பாதாளத்தார் சொல்லிட்டாரேம்மா...”

“நாளைக்கு எல்லார் முன்னாலயும் ஒரு தடவை சொல்லட்டும். பெரியவர் புரள்றதை அவர் காதால கேட்டு, எங்க அண்ணிதான்னு சொன்னா, அந்த மிஷினை நானே தோள்ல தூக்கிக்கிட்டு இறங்குறேன். எங்க அப்பாவையும்தான்.”

நாத்தனாரே அண்ணியை வெளியேற்றுகிறாள்! இப்படியொரு காட்சியை யாராவது தவறவிடுவார்களா? கூட்டம் முதல் மாடிப் பொது அறையில் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அறை நிரம்பி வழிந்தது. எதிர்ப் பக்கத்துக்காரர்களும் வந்துவிட்டார்கள். வாசலில் என் மனைவி ஒரு துணிப்பையோடு நின்றாள்.

“எல்லாரும் ஃபோனை இதுல போடுங்க. பெரியவர் பேசுற நேரத்துல டிங் டிங்னு அடிச்சா மரியாதையா?”

இவளுக்கு எப்போது பக்தி வந்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம். எல்லாரும் போட்டோம். பாதாளத்தார் தயங்கினார். முந்நூறு கண்கள் அவரைப் பார்த்தன. “எனக்கும் பெரியவருக்கும் நடுவுல ஃபோன் எதுக்கு?” என்று சொல்லி, பல் பிடுங்கக் கொடுப்பவர் மாதிரிக் கொடுத்தார்.

நடுவில் கிண்ணம் வைக்கப்பட்டது. புனல் கவிழ்க்கப்பட்டது. ஒரு மூலையில் தையலக்கா நின்றார். முகம் வெளுத்திருந்தது. இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஆகவே பார்க்கவில்லை, சங்கடத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்து அது.

நாத்தனார் எழுந்தார். குரலில் தேன் வழிந்தது.

“ஐயா, ஒரே ஒரு சந்தேகம். தரை ஆடுறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். லாரி போகும், மோட்டார் ஓடும். உங்க காதுக்கு எது பெரியவர், எது வேறன்னு நிச்சயமாத் தெரியுமா?”

பாதாளத்தார் சிரித்தார். “நாப்பது வருஷமா மண்ணுல காதை வெச்சவன்மா நான். எலி ஓடினா எலின்னு சொல்லுவேன். எறும்பு நடந்தா எறும்புன்னு சொல்லுவேன்.”

“தலைவரே, கேட்டுக்கிட்டீங்கல்ல?”

“கேட்டோம்,” என்றார் பல் டாக்டர்.

“எல்லாரும்?”

“கேட்டோம்!” என்று கத்தினோம்.

“நான் போய்க் குடிக்கத் தண்ணி கொண்டு வரேன்,” என்று என் மனைவி வெளியே போனாள்.

பாதாளத்தார் கண்ணை மூடினார். அறை அமைதியானது. ஐந்து நிமிடம். ஒருவர் தும்ம வந்ததை, தப்பாகிவிடும் என்று மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டார். அப்போதுதான் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு வளையம் எழுந்தது. பிறகு இன்னொன்று. தரை லேசாகக் காலடியில் நகர்ந்தது போல இருந்தது. நான் குனிந்து கணுக்காலில் வளையம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்!

“வந்துட்டார்!” பாதாளத்தாருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை, குரல் கீச்சென்று போனது. சமாளித்துக்கொண்டார். “புரளுறார்! சொல்றார், கேளுங்க... பன்னிரண்டாம் மாடி... ஊசி... வலிக்குதாம்!”

“ஐயோ பாவம்,” என்றார் நாத்தனார். இருமினார்.

தண்ணீர் நின்றது.

“ஓஞ்சுட்டார்,” என்றார் பாதாளத்தார். “சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டார்ல?”

நாத்தனார் இரண்டு தடவை இருமினார். தண்ணீர் மறுபடி நடுங்கியது. இந்தத் தடவை வேகமாக, பொடிப்பொடியாக. ஜன்னல் கதவு படபடத்தது.

“கோபம்! கோபம் தலைக்கேறிடுச்சு! அந்தம்மாவை இப்பவே கீழ இறக்குங்க!”

ஒரு இருமல். நின்றது. இரண்டு இருமல். ஆடியது. ஒரு இருமல். நின்றது. நான் இருபக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து வலித்தது.

“நான் ஒரு தடவை இருமினா பெரியவர் ஓயறார், ரெண்டு தடவை இருமினா புரளுறார்,” என்றார் நாத்தனார். “இவ்வளவு சொன்ன பேச்சு கேக்கிறவர் எங்க குடும்பத்துலயே கிடையாது. ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரலாமா?”

போய்ப் பக்கத்து ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தார்.

உள்ளே ஒரு கிழட்டு வாஷிங் மெஷின் இருந்தது. மேல்மூடி இல்லை. பக்கத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு குமிழ். ரிப்பேர் செய்ததைச் சோதிக்க நாத்தனார் வைத்திருப்பது. குமிழ்மேல் கை வைத்துக்கொண்டு என் மனைவி நின்றாள். தொட்டிக்குள் ஒரு பெட்ஷீட். பெட்ஷீட்டுக்குள் ஒரு செங்கல். நீலப் பூப்போட்ட பெட்ஷீட். என் பெட்ஷீட்!

என் மனைவி என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

“எலி ஓடினா எலி, எறும்பு நடந்தா எறும்பு,” என்றார் நாத்தனார். “வாஷிங் மெஷின் ஓடினா மட்டும் பெரியவரா ஐயா?”

முதலில் சிரித்தது எதிர்வீட்டுக்காரர் ஒருவர். அடக்கப் பார்த்தார், மூக்கு வழியாக வந்துவிட்டது. பிறகு அறையே அதிர்ந்தது. அப்போதும் பாதாளத்தார் விழவில்லை. மனிதருக்கு அந்தத் திறமை உண்டு.

“இது பொய்ப் புரளல்! சூழ்ச்சி! அன்னிக்கு ரெண்டு தடவையும் முன்கூட்டியே சொன்னேனே, அதுவும் வாஷிங் மெஷினா? பன்னிரண்டு மாடியும் ஆடுச்சே!”

கூட்டம் சட்டென்று அடங்கியது. ஆமாம், அது எப்படி? பல் டாக்டர் கூடக் கேட்டார், “ஆமாம்மா, நான் ஃபிரிட்ஜைப் பிடிச்சுக்கிட்டது பொய்யா?”

நாத்தனார் துணிப்பையிலிருந்து தன் ஃபோனை எடுத்தார். “நில அதிர்வு நிலையத்துல ஒரு மேடம் இருக்காங்க. போன வாரம் அவங்க வீட்டு மெஷின் ரிப்பேருக்கு வந்துச்சு. அங்க இலவசமா ஒரு எச்சரிக்கைச் செய்தி அனுப்புறாங்களாம். யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். கடல்ல பெரிசா ஒண்ணு ஆடினா, அந்த அலை இங்க வந்து சேர ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். செய்தி அதுக்கு முந்தி வந்துடும். பழைய செய்தியெல்லாமும் கேட்டு வாங்கிட்டேன், இதோ இருக்கு. அன்னிக்குச் சாயங்காலம் ஐந்து நாற்பத்திரண்டு. ஐயா எத்தனை மணிக்குக் கத்தினார்?”

“நியூஸ் பாக்க டிவி போடப் போனேன்,” என்றார் ஒருவர். “ஐந்தே முக்கால் ஆகலை.”

“ஐயா ஃபோனைத் திறந்து காட்டட்டும். அந்தச் செய்தி அதுல இல்லேன்னா, நான் இப்பவே மிஷினைத் தூக்குறேன்.”

பாதாளத்தார் ஃபோனை வாங்கினார். பார்த்தார். “நம்பர் மறந்து போச்சு.”

“மண்ணுக்கு அடியில நூறு மைல் தெரியுது. நாலு நம்பர் ஞாபகம் இல்லையா?” என்றாள் என் மனைவி. “தும்மலை மட்டும் ஏன் ஒரு தடவைகூட முன்னாடி சொல்லலை? அதுக்குச் செய்தி வர நேரமில்ல. அதான?”

“தும்மலுக்கு எப்படிம்மா முன்னறிவிப்பு...” என்று ஆரம்பித்து, அவரே நிறுத்திக்கொண்டார்.

இப்போது பல் டாக்டர் எழுந்தார். அவரை நான் குறைத்துப் பேசிவிட்டேன். அன்றைக்கு ஒரே ஒரு நல்ல கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

“எல்லாம் சரிம்மா. ஆனா ஒரு தடவை சின்ன வீடு மட்டும் ஆடுது, ஒரு தடவை பெரிய வீடு மட்டும் ஆடுது. அது நிஜம்தானே? நாங்க கண்ணால பார்த்தோமே. ஆள் பார்த்து ஆட்டுதா பூமி?”

“ஆள் பார்க்கலை, உயரம் பார்க்குது,” என்றார் நாத்தனார்.

ஸ்டோர் ரூமிலிருந்து மெஷினை இழுத்துக்கொண்டு வந்தார்கள். நாத்தனார் அதன்மேல் ஒரு பலகையைத் திருகாணியால் முடுக்கினார். பலகையில் இரண்டு இரும்புப் பட்டைகளை நட்டார், ரம்பத்திலிருந்து கழற்றிய மெல்லிய பிளேடுகள். ஒன்று முழ நீளம், ஒன்று விரல் நீளம். இரண்டின் தலையிலும் ஒரு உருண்டை களிமண்.

“நெட்டையன் உங்க கட்டடம். குட்டையன் எங்க வீடு. இப்பக் கடல் ஆடுது, பாருங்க.”

குமிழை மெதுவாகத் திருகினார். மெஷின் சோம்பலாக அசைந்தது. நெட்டை பிளேடு தலையை இப்படியும் அப்படியும் வீசி வீசி ஆடியது. குட்டை பிளேடு மரம் மாதிரி நின்றது.

“இப்ப நம்ம மலை.”

குமிழை வேகமாகத் திருகினார். மெஷின் உறுமியது. குட்டை பிளேடுக்கு வெறி பிடித்துவிட்டது; களிமண் தலை கண்ணுக்கே தெரியவில்லை. நெட்டை பிளேடோ ஏதோ நினைவாகச் சும்மா நின்றது.

“ஆ!” என்றது கூட்டம். முதல் வரிசைக்காரர் எழுந்து நின்றார், பின்வரிசைக்காரர்கள் அவரை உட்காரச் சொல்லித் திட்டினார்கள்.

“பூமி ஆடுறதைக் கோடா வரைஞ்ச ரெண்டு காகிதம் மேடம் எனக்குக் காட்டினாங்க,” என்றார் நாத்தனார், மெஷினை நிறுத்திவிட்டு. “நம்ம மலைக்கு அடியில கெட்டிப் பாறையில சின்ன விரிசல் ஒண்ணு இருக்காம். கிட்டத்துல இருக்கு. அது நழுவினா குச்சி ஒடியிற மாதிரி படக்குன்னு முடிஞ்சிடும். காகிதத்துல கோடு சீப்புப் பல்லு மாதிரி நெருக்கமா இருக்கு. செகண்டுக்கு எட்டு, பத்து ஆட்டம். அது குட்டை வீட்டுக்குத்தான் தோது. கடலுக்கு அடியில வேற கதை. அங்க ஒரு பெரிய நிலத்தகடு இன்னொண்ணுக்கு அடியில சொருகிக்கிட்டே போகுது. பிச்சுக்கிட்டா, நூறு மைலுக்குப் பழைய துணி கிழியிற மாதிரி நின்னு நிதானமா கிழியும். அதுல வேகமான நடுக்கமும் உண்டு, மெதுவான ஆட்டமும் உண்டு. வேகமானது இங்க வந்து சேர்றதுக்குள்ள வழியிலயே செத்துடும். தூரத்துல ஸ்பீக்கர் போட்டா ‘தும் தும்’னு மட்டும்தான கேக்குது? அந்த மாதிரி மெதுவான ஆட்டம் மட்டும்தான் நம்ம தெருவுக்கு வரும். அது நெட்டைக் கட்டடத்துக்குத் தோது.”

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

“இப்பச் சொல்லுங்க. இந்த ரெண்டு பிளேடுல எது பாவம் பண்ணுச்சு?”

பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வாஷிங் மெஷின் பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். ஒரு வேகத்துல குதிக்கும், வேகம் மாறினா அடங்கிடும். அதுக்காக மெஷின்ல பேய்னு யாரும் எங்கிட்டச் சொன்னதில்ல. சொன்னா ரிப்பேருக்கு ரெண்டு மடங்கு கேப்பேன்.” குனிந்து முதல் வரிசைக்காரர் கணுக்காலிலிருந்து வளையத்தை உருவினார். “இதுவும் எங்க கடைச் சாமான்தான். அழுக்குத் தண்ணி போற குழாயை இறுக்கிப் பிடிக்கிற ரப்பர். ரெண்டு மாசமா ஊர்ல எங்கயும் கிடைக்கலை. எங்கதான் போச்சுன்னு பார்த்தா, எல்லாம் உங்க கால்ல இருக்கு! பக்கத்துலயே பெரிசா ஒண்ணு வந்தா நெட்டை, குட்டை ரெண்டும் சேர்ந்துதான் ஆடும். இதைக் கழட்டி எங்கிட்டக் கொடுத்துட்டு, அலமாரியைச் சுவத்தோட திருகாணி போட்டு முடுக்குங்க. நான் முடுக்காம விட்டு ஒரு அலமாரிக் கண்ணாடியை இழந்தவ.”

எல்லாரும் பாதாளத்தாரைத் திரும்பிப் பார்த்தோம். நாற்காலி காலி. பிளேடுகள் ஆடிய நேரத்தில் மனிதர் பெரியவரிடமே போய்விட்டார் போலிருக்கிறது. புனலை விட்டுவிட்டார். வாளியை விடவில்லை.

இதோடு எங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? கூட்டம் கலையும்போது எட்டாம் மாடிக்காரர் நாத்தனாரிடம் மெதுவாகப் போனார்.

“ஏம்மா, அந்த நெட்டை பிளேடு எங்களுக்கும் கிடைக்குமா? வீட்டுல வெச்சா நல்லதுங்கிறாங்களே.”

“யாரு சொன்னா?”

“இப்பத்தான். பின்னால நின்னவங்க.”

நாத்தனார் ஸ்பேனரை எடுத்தார். எட்டாம் மாடிக்காரர் மாடிப்படி வழியாகவே ஓடினார்.

தையலக்கா இதெல்லாம் முடியும்வரை மூலையிலேயே நின்றார். நாத்தனார் அவரிடம் போய், “என்ன அண்ணி, அழுறீங்க? அப்பாவுக்கு யாரு கஞ்சி கொடுப்பா, போங்க,” என்று அதட்டினார். அண்ணி அவரைக் கட்டிக்கொண்டார். நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, ஆனாலும் விலகவில்லை.

அன்று பிற்பகல் பல் டாக்டர் எங்களையெல்லாம் பன்னிரண்டாம் மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார், மன்னிப்புக் கேட்க. தையலக்கா தைத்துக்கொண்டிருந்தார். கடகட என்ற அந்தச் சத்தம் கேட்டதும் நான் பல் டாக்டருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அந்தத் தாளில் பெரிதாகப் போட்ட கையெழுத்து என்னுடையது.

“மன்னிப்பெல்லாம் வேண்டாம்,” என்றார் தையலக்கா. தீர்மானத் தாளை மேஜைமேல் விரித்து, பக்கத்தில் பேனாவை வைத்தார். “போட்ட கையெழுத்தை அவங்கவங்க அடிச்சிட்டுப் போனா போதும்.”

மறுபடி ஒரு வரிசை உருவானது. பல் டாக்டர் அடித்தார். அடுத்தவர் அடித்தார். அதற்கடுத்தவர் அடித்தார். என் முறை வந்தது. பேனாவை எடுத்தேன்.

“எதுக்கு சார் அடிக்கிறீங்க?” என்றார் தையலக்கா.

“எல்லாரும் அடிக்கிறாங்களே...” என்றேன்.

தையலக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். ஒரு நாற்காலியைக் காட்டினார்.

“அதுல உட்காருங்க. யோசிச்சிட்டு வந்து அடிங்க.”

உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் நின்றவரிடமும் அதே கேள்வி. அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் நாற்காலி போதவில்லை, மாடிப்படிவரை உட்கார்ந்து யோசித்தோம். பழக்கமில்லாத வேலை, தலை விண்விண்ணென்று தெறித்தது. படிக்கிற நீங்கள் சிரிக்க வேண்டாம். எதில் எதிலெல்லாம், யாரைப் பார்த்து, ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறீர்களோ! வாருங்கள், படியில் கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன்.